கஜுராஹோ சிற்பப் படங்கள் நீக்கப்படுகின்றன: மேல்முறையீடு செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கஜுராஹோவின் லட்சுமணா கோயில், கந்தாரிய மகாதேவர் கோயில் மிதுனச் சிற்பங்களின் (ஆணும் பெண்ணும் இணைந்திருக்கும் சிற்பங்கள்) படங்களைக் கட்டுரையோடு ஏற்றினால், ஒரு சமூக ஊடகத் தளம் ‘பாலியல் உள்ளடக்கம்’ என்று நீக்கிவிடுகிறது. இத்தனைக்கும் ஓவியத்திலும் சிற்பத்திலும் உள்ள நிர்வாணத்துக்கு அந்தத் தளத்தின் விதியே இடம் தருகிறது.

காரணம் ஓரளவு புரிகிறது. அங்குள்ள மணற்கல் இளம்பழுப்பு நிறம். மாலை வெயிலில் நெருங்கி எடுத்தால் மனிதத் தோல் போலவே தெரியும். சுற்றியுள்ள சுவர் வரிசைகளும் தெரியும்படி தள்ளி நின்று எடுத்தவை பெரும்பாலும் தப்புகின்றன. நீக்கிய படத்தையே மறுபடி ஏற்றினால் உடனே பிடிபடுகிறது. மங்கலாக்கிப் போடுவதில் உடன்பாடில்லை. ஆயிரம் ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் கலை அது.

ஆபாசப் பொருள்களைத் தடுக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 294ஆம் பிரிவு, புராதனச் சின்னம், கோயில், தேர் ஆகியவற்றில் உள்ள சிற்பங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் படத்தை வைத்திருக்கும்படி தளத்தை அது கட்டாயப்படுத்தாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து, 7 நாளில் (2026 திருத்தத்துக்கு முன் 15 நாள்) தீர்க்க வேண்டும். அவர் பதில் வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம்.

அந்தக் குழுவரை போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன ஆவணங்கள் இணைத்தீர்கள்? கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் தானியங்கிச் சோதனையில் வித்தியாசம் தெரிகிறதா? விளம்பரமாக அல்ல, சாதாரணப் பதிவாகப் போட்டவர்களின் அனுபவம்தான் வேண்டும்.