புதுப்பிப்பு: பிளக் மரை போன வண்டி இப்போது ஓடுகிறது

அப்பாவின் 100 சிசி வண்டியில் ஸ்பார்க் பிளக் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஹெட்டையே (சிலிண்டரின் மேல்மூடி) மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றவில்லை. மன்னார்குடியில் பம்புசெட் வேலை பார்க்கும் லேத் பட்டறை அண்ணன் ‘ஹெலிகாயில்’ போட்டுக் கொடுத்தார்; அதாவது, மரை போன துளையைப் பெரிதாக வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் ஏற்றிப் புது மரை ஆக்குவது.

வண்டியில் வைத்தே துளை போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, ஹெட்டைக் கழற்றச் சொன்னார். அதுதான் சரி. மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் அப்பியிருந்தும் அலுமினியத் துருவல் மறுபக்கம் உதிர்ந்தது. சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் சுவரைக் கீறியிருக்கும். அரைச்சுற்று இறக்குவார், கொஞ்சம் பின்னால் திருப்புவார், துருவல் உடையும், மறுபடி இறக்குவார். அவ்வளவு பொறுமை! அப்புறம் எஃகுச் சுருளை ஏற்றினார். அதன் மேல்விளிம்பு, வாஷர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். சுருளைத் திருகி இறக்கப் பிடிமானமாக அதன் அடியில் இருக்கும் நாக்கை உடைத்து வெளியே எடுத்துக் காட்டினார்.

ஹெட் கேஸ்கெட் புதிது. பிளக் 10 மி.மீ. மரை, கையாலேயே அடிவரை திருகி, கடைசியில் மட்டும் 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். குறுவை மூட்டையோடு அப்பா திருவாரூர் போய் வந்தார். புஸ் சத்தம் இல்லை, பிளக்கைச் சுற்றிக் கரியும் இல்லை. இனி இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைப்போம்.