ஆட்டிசம்: "யாரால வந்தது" என்று உங்கள் வீட்டிலும் கேட்டார்களா?

தக்கலையிலிருந்து ஒரு அம்மா:

ஒன்றரை வயதாகியும் மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வேண்டியதை விரலால் காட்டவும் மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன்மேல் வைப்பான். "ஆம்பிளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும் மக்ளே" என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியார், ஆட்டிசம் என்று தெரிந்ததும் "மாசமா இருக்கும்போது எந்நேரமும் செல்லைத்தானே நோண்டிட்டு இருந்தே" என்றார். என் அம்மா தன் பங்குக்கு, கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதை ஞாபகப்படுத்தினார். இரண்டு பக்கமும் குற்றவாளி நான்தான்.

திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது குடும்பக் கதை. அப்போதுதான் கொழுந்தனார் பேச்சு வந்தது. நாலு வயதில்தான் வாய் திறந்தாராம். இன்றைக்கும் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் வண்டி நேரமெல்லாம் மனப்பாடம்; கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மட்டும் நிற்க முடியாது. சரி, பழியை அவர்மேல் போடலாமா? அதுவும் வேண்டாம் என்றார் டாக்டர். இதில் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, பெரும்பாலும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். சில மாற்றங்கள் அம்மா அப்பா யாரிடமும் இருக்காது, பிள்ளையிடம் புதிதாக வரும். அப்பாவின் வயது ஏற ஏற இப்படிப் புதிதாக வருவது கூடும். (39 வயதில் அப்பாவான என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

அப்புறம் நானே தேடிப் படித்தேன். 1977-இல் பிரிட்டனில், ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த 21 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்ததால் மரபணுவும் ஒன்றாகவே இருக்கும் 11 ஜோடிகளில் 4-இல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. 2019-இல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது மரபணுவின் பங்கு சுமார் 80 சதவீதம் என்று வந்தது. இதில் செல்ஃபோனும் இல்லை, கிரகணமும் இல்லை.

குளச்சல் பக்கம், ஒரு அப்பா:

எங்கள் கடற்கரையில் சந்தேகம் முதலில் மணல்மேல்தான் விழும். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் தோரியம், அதனால் கதிர்வீச்சு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் என் தங்கை பிள்ளைக்கும் ஆட்டிசம். அவள் வாழ்க்கைப்பட்டது பெங்களூரில், மணலுமில்லை கடலுமில்லை. பொதுவாக இருந்தது எங்கள் ரத்தம்தான்.

அடுத்து தடுப்பூசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்பார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிற அந்தக் கதை 1998-இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அதில் இருந்தது வெறும் 12 பிள்ளைகள். அதை வெளியிட்ட லான்செட் என்ற மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை என்று 2019-இல் சொன்னார்கள். ஊசி போடாத பெண்ணுக்கு மாசமாக இருக்கும்போது ரூபெல்லா வந்தால்தான் கருவின் மூளைக்கே ஆபத்து.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நர்ஸ்:

மரபணுவைத் தவிர மற்றவை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்னும் பிறக்கும் சமயத்திலும் நடப்பவை: ரொம்பக் குறைமாதத்தில் பிறப்பது, தாய்க்குச் சர்க்கரை, சில மருந்துகள். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் அதில் முக்கியமானது. அதற்காகப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. குழந்தைக்குத் திட்டமிடும்போதே நரம்பு டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பார். ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.