புதுப்பிப்பு: பள்ளியில் மகளின் இன்சுலின்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் படிக்கும் என் பத்து வயது மகளுக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலின் ஊசிப் பேனா, ரத்தச் சர்க்கரை சோதிக்கும் கருவி எல்லாவற்றையும் அலுவலக அலமாரியில் பூட்டித்தான் வைப்போம் என்று பள்ளி சொல்லிவிட்டது. பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

சண்டைக்குப் போகவில்லை. மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்த்தேன். கடிதத்தில் இருந்தது இதுதான்: ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை உள்ள பழச்சாறு, 15 நிமிடம் கழித்து மறுசோதனை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆம்புலன்ஸ். தலைமையாசிரியருக்கு மருந்தைவிடப் பொறுப்புதான் பயம். 'தவறாகப் போட்டால் யார் பதில் சொல்வது?' நியாயமான கேள்விதான், அன்று எனக்குத்தான் கோபம் கண்ணை மறைத்தது.

இப்போது கருவியும் பழச்சாறும் வகுப்பாசிரியையின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பேனா மட்டும் அலுவலகத்தில். மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுத்தர் பார்த்திருக்க மகளே போட்டுக்கொள்கிறாள். மின்வெட்டில் இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் நின்றால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். பயன்பாட்டில் இருக்கும் அவளுடைய பேனா 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தை நம்பாமல் குளிர்காப்புப் பை கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை விளையாட்டு வகுப்பில் கருவி 3.4 காட்டியது. கடிதத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்தது. "எனக்கு ஒன்றும் இல்லை அம்மா, டீச்சர் கைதான் நடுங்கியது" என்றாள்.

அடுத்த மாதம் பள்ளிச் சுற்றுலா. அதற்கு இன்னும் பேச வேண்டும்.