தாமஸ் பெய்னும் ஒற்றை அவையும்: ஆட்சிக்குப் பகுத்தறிவு மட்டும் போதுமா?

எழுகதிர்:
அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெய்னைச் சுதந்திரத்தின் குரல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆட்சியமைப்பை வடிவமைக்கும்போது அவர் பகுத்தறிவை அளவுக்கு மீறி நம்பிவிட்டார் என்பதே என் வாதம். 1776 ஜனவரியில் வந்த அவருடைய ‘காமன் சென்ஸ்’ சிறுநூல் பிரிட்டிஷ் அமைப்பை எப்படிப் பிரித்துப் போடுகிறது பாருங்கள். மன்னரை நம்ப முடியாது என்பதால் மக்களவை அவரைக் கட்டுப்படுத்துகிறது. அப்புறம் அதே மக்களவையின் மசோதாவைத் தள்ளும் அதிகாரம் மன்னருக்கு. அப்படியானால் இருவரில் யார் அறிவாளி என்று கேட்கிறார். கூர்மையான கேள்விதான். ஆனால் அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் ஒற்றை அவை, அதாவது சட்டம் இயற்ற ஒரே ஒரு அவை. அமெரிக்க மாநிலமான பென்சில்வேனியா அதே ஆண்டு அதைச் செய்து பார்த்தது. 1790-ல் கைவிட்டு ஈரவைக்கு மாறியது.

பொருநை:
இரண்டு திருத்தம் நண்பரே. பென்சில்வேனியாவின் அந்த அரசியல் சாசனத்தைப் பெய்ன் எழுதவில்லை. அதை இயற்றிய மாநாட்டில் அவர் உறுப்பினரே இல்லை. ‘காமன் சென்ஸ்’ தரும் அவருடைய சொந்த வரைவிலோ பூட்டுகள் இருக்கின்றன. காலனிக்குக் குறைந்தது 30 பேர் வீதம், 13 காலனிக்கும் சேர்த்து 390 பேருக்குக் குறையாத காங்கிரஸ் என்ற பொது அவை. குலுக்கலில் ஒரு காலனி விழும். அதன் பிரதிநிதிகளுக்குள்ளிருந்து காங்கிரஸ் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அடுத்த முறை அந்தக் காலனியை விட்டுவிட்டு மீதி 12-க்குள் குலுக்கல். இப்படி 13-ம் ஒரு சுற்று வரும். சட்டம் நிறைவேற ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் எதையும் செய்யலாம் என்று நம்பியவர் இப்படியா எழுதுவார்?

பென்சில்வேனியாவிலும் தடை இருந்தது. பொது மசோதாவை அச்சிட்டு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அவசரம் என்றாலொழிய அடுத்த கூட்டத்தொடர் வரை சட்டமாக்கக் கூடாது. இரண்டாவது அவை செய்யும் வேலையை மக்களே செய்யும் ஏற்பாடு அது.

எழுகதிர்:
சரி, சாசனத்தை எழுதியது யார் என்பதில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் அந்த அச்சிடும் விதி என்ன ஆனது? சாசனம் மீறப்படுகிறதா என்று பார்க்க ஏழாண்டுக்கு ஒருமுறை கூடும் தணிக்கைக் குழு ஒன்று இருந்தது. 1783-84-ல் கூடி ஆராய்ந்தபோது, தேவையே இல்லாமல் ஏராளமான சட்டங்கள் அந்த விதியை மீறி நிறைவேறியிருப்பதைக் கண்டது. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து எழுதிய ஜேம்ஸ் மாடிசன் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரை வரிசையின் 48-ல் இதைத்தான் சான்றாக எடுத்து வைக்கிறார். சாசனத்தைத் திருத்த மாநாடு கூட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை. எது அவசரம் என்று முடிவு செய்வதும் அதே அவை, விதியை மீறுவதும் அதே அவை. காகிதத்தில் எழுதிய தடை தானாக வேலை செய்யாது.

1785-ல் அந்த அவை வட அமெரிக்க வங்கியின் உரிமச் சட்டத்தை ரத்து செய்ததும் எதிர்த்து எழுதியவர் யார்? பெய்னேதான். கட்சி நலனுக்காகச் சட்டம் போட ஆரம்பித்தால் ஒற்றை அவை ஒரு தனி மனிதனைப் போல அவசரமும் ஆத்திரமும் கொள்ளும் என்று 1786-ல் அவரே எழுதிவிட்டார்.

தராசு:
வங்கிக்காக எழுதினது காசுக்குத்தான்னு அப்பவே பேச்சு இருந்துச்சே? 1782-ல அமெரிக்க நிதிப் பொறுப்பாளர் ராபர்ட் மோரிஸ் தரப்புகிட்ட வருஷம் 800 டாலர் வாங்கியிருக்கார். மோரிஸ் அந்த வங்கியோட ஆள்தானே?

பொருநை:
வாங்கியது உண்மை. மோரிஸ், லிவிங்ஸ்டன், வாஷிங்டன் மூவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது; போருக்கு வரி திரட்டவும் மாநிலங்களின் ஒன்றியத்தை வலுப்படுத்தவும் எழுதுவதற்காக. அதை வைத்து 1786 வாதத்தைத் தள்ளிவிட முடியாது, வாதத்தைப் பாருங்கள். சட்டம் வேறு, ஒப்பந்தம் வேறு என்கிறார். சட்டத்தை அடுத்த அவை மாற்றலாம். வங்கிக்குக் கொடுத்த உரிமம் போல, அரசு ஒரு தரப்பாக நின்று செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு பக்கமாகக் கிழிக்க முடியாது. தகராறு வந்தால் நீதிமன்றம் போக வேண்டும். மக்களாட்சியின் பெயரால் செய்தாலும் அது எதேச்சாதிகாரம்தான்.

எழுகதிருக்கு: நம்பிக்கை அனுபவத்தில் பொய்த்ததும் பெய்ன் அமைப்பை மாற்றினார். அதுதானே பகுத்தறிவு? 1792-ல் ‘மனித உரிமைகள்’ இரண்டாம் பாகத்தில் மாற்றுவழி இருக்கிறது. ஒரே பிரதிநிதித்துவம்; உறுப்பினர்களைக் குலுக்கல் மூலம் இரண்டு, மூன்று பகுதியாகப் பிரிக்க வேண்டும். மசோதாவை ஒவ்வொரு பகுதியும் முறைவைத்து விவாதிக்கும், மற்றவை கேட்டிருக்கும், ஓட்டு கிடையாது. கடைசியில் எல்லோரும் கூடி விவாதித்து ஓட்டெடுப்பு. குலுக்கல் என்பதால் இந்தப் பகுதி பணக்காரருடையது, அந்தப் பகுதி ஏழைகளுடையது என்று ஆகாது.

எழுகதிர்:
கேட்டிருப்பது தடையாகாது. கடைசி ஓட்டில் அதே பெரும்பான்மைதான் ஜெயிக்கும். புரட்சிக் கால பிரான்சின் சட்டமன்றமான கன்வென்ஷனும் ஒற்றை அவைதான்; பெய்ன் அதில் உறுப்பினர். லூயி மன்னரைக் கொல்லாமல் அமெரிக்காவுக்கு நாடு கடத்துங்கள் என்று 1793 ஜனவரியில் அங்கே வாதாடிய அவரையே, அந்த டிசம்பரில் பாரிஸின் லக்சம்பர்க் சிறையில் அடைத்தார்கள். 1794 நவம்பரில்தான் வெளியே வந்தார்.

பொருநை:
அப்போது எந்தச் சாசனம் நடைமுறையில் இருந்தது? 1793 சாசனத்தை மக்கள் ஓட்டில் ஏற்றுக்கொண்டபின் நிறுத்திவைத்துவிட்டார்கள். இரண்டாண்டுக்கு முன்பே சாசனம் நிலைபெற்றிருந்தால் இந்த வன்முறைகளைத் தடுத்திருக்கலாம் என்று 1795-ல் அவரே எழுதுகிறார். மக்கள் இயற்றும் சாசனம் முதலில், அரசு அதற்குப் பிறகு. 1791-லிருந்தே அவர் சொல்லிவந்த வரிசை இது. கன்வென்ஷன் அதைத் தலைகீழாக்கியது.

எழுகதிர்:
பிரான்சில் 1795-ல் வந்த சாசனத்துக்கே வருவோம். ஐந்நூற்றுவர் அவை, மூத்தோர் அவை என்று இரண்டு. நேரடி வரி கட்டுபவருக்கே ஓட்டு என்பதைப் பெய்ன் அந்த ஜூலையில் கன்வென்ஷனிலேயே எதிர்த்தார். ஆனால் 1797-ல் அதன் அமைப்பைப் பற்றி எழுதும்போது, இதைவிடச் சிறந்ததை மனித அறிவு இதுவரை வகுத்ததில்லை என்று புகழ்கிறார். ஈரவையைத்தான் புகழ்கிறார்!

பொருநை:
எப்படிப்பட்ட ஈரவை? ஐந்நூற்றுவர் மசோதா கொண்டுவருவார்கள். மூத்தோர் 250 பேர் ஏற்கலாம், தள்ளலாம், திருத்த முடியாது. இரண்டு அவைக்கும் ஒரே வாக்காளர்கள். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு புதுப்பிக்கப்படும். 1792-ல் அவர் கேட்டதும் இதே மூன்றில் ஒரு பங்குதான். பரம்பரைப் பிரபுக்கள் யாரும் இல்லை. ‘காமன் சென்ஸ்’ எதிர்த்த மேலவை இதுவல்ல.