இலவசப் புத்தக மையம்: 10க்கு 12 அறை, எட்டுப் பேர். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மேலமாசி:
வணக்கம். மதுரையில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் தரைத்தள அறை ஒன்று வாடகையில்லாமல் கிடைத்திருக்கிறது. படித்து முடித்த புத்தகங்களை வாங்கி, வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுக்கும் இடமாக நடத்த எண்ணம். நடத்தப்போகும் எட்டுப் பேருமே வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறுதான் திறக்க முடியும். எத்தனை ரேக் வேண்டும்? எதை வாங்கலாம், எதை வேண்டாம் எனலாம்? எங்கள் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்வது அவசியமா? ஏப்ரலில் அறிவிக்கலாமா?

ஓதம்_காத்தான்:
ஏப்ரல் வேண்டாம். பரீட்சை முடிந்த கையோடு ஊரே அலமாரியைக் காலி செய்யும்; இரண்டே வாரத்தில் கதவு திறக்க இடமிருக்காது. ஜனவரியில் உங்கள் தெருவுக்கு மட்டும் சொல்லி ஓட்டிப் பாருங்கள்.

ரேக்குக்கு ஸ்லாட்டட் ஆங்கிள் (துளை வரிசை போட்ட இரும்புச் சட்டம்) போதும். ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 5 தட்டு. ஆழம் 12 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். 15 வாங்கினால் இரண்டு வரிசையாக அடுக்குவார்கள். பின்வரிசை யார் கண்ணிலும் படாது. ஒரு தட்டில் நடுத்தர நாவல் 45, 50 நிற்கும். பிரிக்கும் மேசைக்கு இடம் விட்டால் ஆறு ரேக், சுமார் 1,400 புத்தகம். அதுதான் உங்கள் உச்சவரம்பு. எண்ணிக்கை 1,200ஐத் தொட்டதுமே ‘இப்போது வாங்குவதில்லை’ என்று வாசலில் பலகை மாட்டிவிடுங்கள்.

தரைத்தளம் என்பதால் ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காக்கும். சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்தி, மேலே ‘எல்’ கிளாம்ப் அடித்து ஆட்டம் இல்லாமல் பிடிக்கவும். அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். பிளைவுட் பக்கமே போகாதீர்கள், கரையானுக்கு விருந்து.

தூக்கிச் செல்ல, ஜெராக்ஸ் கடையில் ஏ4 பேப்பர் வரும் அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். நிறைத்தாலும் ஒருவர் தூக்கும் எடைதான். டிவி பெட்டியில் போட்டால் அடி பிய்ந்து கொட்டும்.

முதல்பதிப்பு:
எதை வாங்குவது என்பதில்தான் இந்த மாதிரி இடங்கள் வாழ்வதும் சாவதும். வாசலிலேயே பிரித்து, பதிப்பு ஆண்டு போட்ட பக்கத்தைப் பாருங்கள். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எடைக்குப் போட்டால் கொடுத்தவர் மனம் நோகும்.

தமிழ்நாட்டுப் பாடநூல் 2018, 2019 இரண்டு ஆண்டுகளில் எல்லா வகுப்புக்கும் மாறிவிட்டது. அதற்கு முந்தையது மாணவருக்கு ஆகாது. அரசுப் பள்ளியில் பாடநூல் விலையில்லாமலே கிடைப்பதால் புதியதைக்கூடப் பிள்ளைகள் அதிகம் கேட்க மாட்டார்கள். ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ஆறு முதல் பத்து வரை உள்ள சமூக அறிவியல், அறிவியல், தமிழ் மூன்றையும் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள் தேடி அலைகிறார்கள். அதற்குத் தனித் தட்டு ஒதுக்கி, பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

சட்டப் புத்தகத்தில் கவனம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய கைடை நம்பிப் படித்தால் பரீட்சையில் பிரிவு எண்ணெல்லாம் தப்பாகும். மறைமுக வரி என்றால் 2017 ஜூலைக்கு, அதாவது ஜிஎஸ்டிக்கு, முந்தையது வேண்டாம். கலைக்களஞ்சியத் தொகுதிகளை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். சிறுவர் படப் புத்தகம் வந்த அன்றே போய்விடும்.

இன்னொன்று. வார இதழ்த் தொடர்கதைகளைப் பிரித்துத் தைத்த பழைய பைண்டு வால்யூம்கள், 1950க்கு முந்தைய நூல்கள் வந்தால் தட்டில் வைக்க வேண்டாம். சென்னை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் முதலில் கேளுங்கள்.

மேலமாசி:
ரொம்ப நன்றி இருவருக்கும். பூச்சிக்கு என்ன செய்வது? பழைய புத்தகக் கடைக்காரர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால்?

துத்தநாகம்:
பூச்சியை உள்ளே விடாமல் இருப்பதுதான் வைத்தியம். வந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தேதி எழுதி, இரண்டு வாரம் தனியே வையுங்கள். பிரிக்கும்போது பையின் அடியில் சலித்த ரவை போலப் பொடி கிடந்தால் உள்ளே புழு துளைக்கிறது. அது ரேக்குக்குப் போகக்கூடாது. இராமபாணப் பூச்சி வேறு ரகம். அது அட்டைப் பசையைச் சுரண்டும், ஓதம் இல்லாவிட்டால் பெருகாது. பூசணம் பிடித்ததை அறைக்குள் தட்டாதீர்கள். வெளியே, நிழலில் உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைக்கவும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளாகிப் பக்கத்தையும் கறையாக்கும். மைதாப் பசையும் மெல்லிய தாளும் போதும். பைண்டிங்காரர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். விஷம், பிள்ளைகள் வரும் இடத்தில் கலக்க வேண்டாம்.

கடைக்காரர் விஷயம்: ‘இலவசம், விற்பனைக்கல்ல’ என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து தலைப்புப் பக்கத்திலும் உள்ளே ஏதாவதொரு பக்கத்திலும் குத்துங்கள்; அந்த உள்பக்கம் எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்க எண்ணாக இருக்கட்டும். முதல் பக்கத்தைக் கிழித்தாலும் மற்றது இருக்கும். ஆளுக்கு ஒரு வருகையில் மூன்று. திருப்பித் தரச் சொல்லாதீர்கள், அதற்குப் பதிவேடு எழுதியே ஆள் ஓய்ந்துவிடும். வந்தது இத்தனை, போனது இத்தனை என்று நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

ஓதம்_காத்தான்:
பதிவு கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். 1975 சங்கப் பதிவுச் சட்டத்துக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், உங்களிடம் இருக்கிறார்கள். பணம் வசூலிக்காதவரை அவசரமில்லை. அதைவிட முக்கியம், அறை தந்த சங்கத்திடம் எழுத்தில் ஒரு கடிதம்: மின்கட்டணம் யார், காலி செய்யச் சொன்னால் எத்தனை நாள் அவகாசம். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டாம்.