ஃபேமஸ் ஆமோஸ் குக்கீக்காரர் எழுத்தறிவுக்கு நின்னது நிஜமா, வெறும் விளம்பரமா?

பாதிவெந்தவன் கேட்டது:

ஆபீஸ் வெண்டிங் மெஷின்ல தினம் மூணு மணிக்கு ஒரு ஃபேமஸ் ஆமோஸ் பாக்கெட் எடுக்கிற ஆசாமி நான். ஏழு வருஷமா தின்னுட்டிருக்கேன். ஆமோஸ்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தார்ங்கிறது போன வாரம்தான் தெரியும்.

மக ஆறாவது படிக்கிறா. ஒரு தொழில்முனைவோரைப் பத்தி எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. கையில இருந்த பாக்கெட்டைக் காட்டி "இவரைப் பத்தி எழுதேன்"னு விளையாட்டாச் சொன்னேன். அவ தேடி எடுத்துட்டு வந்து என்னை உட்கார வெச்சு வகுப்பு எடுத்தா. வாலி ஆமோஸ், 1936-ல ஃப்ளோரிடாவுல டலஹாசியில பிறந்தவர், 2024 ஆகஸ்டுல ஹொனலூலுவுல காலமானார், வயசு 88. அதுவரைக்கும் சரி. அப்புறம் ரெண்டு கேள்வி கேட்டா, ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்லை.

சொந்தமா ஆரம்பிச்ச கம்பெனி போச்சு, சரி. சொந்தப் பேரைக் கூட போட்டுக்கக் கூடாதுன்னு ஆனது எப்படி? குக்கீ விக்கிறவர் எதுக்கு இருபது வருஷத்துக்கு மேல வயசானவங்களுக்கு எழுத்தறிவுன்னு ஊர் ஊராப் போனார்?

ரெண்டாவதுக்கு "எல்லாம் விளம்பரம்தான்மா"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளா என்கூட சரியாப் பேசலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

டல்லாஸ் தாத்தா:

உங்க பதில்தான் சரி தம்பி, பொண்ணுகிட்ட தைரியமாச் சொல்லுங்க. நாப்பது வருஷம் வியாபாரம் பார்த்தவன் சொல்றேன். படி படின்னு ஊருக்கெல்லாம் சொன்னவர் தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் படிக்கலை. அவ்வளவுதான் கதை.

---

கரிசல்காட்டுக்காரி:

தாத்தா, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன வரி நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. நியூயார்க்ல வில்லியம் மாரிஸ் ஏஜென்சியில தபால் பிரிக்கிற அறையில சேர்ந்து, அங்கேயே ஏஜென்ட் ஆனவர். அந்தக் கம்பெனியோட முதல் கறுப்பின ஏஜென்ட். சைமன் அண்ட் கார்ஃபன்கல்ங்கிற பாட்டு ஜோடியை அங்க கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அடுத்தவங்களுக்கு ஒப்பந்தம் பேசியே சோறு தின்னவருக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாதா?

அவர் சறுக்கினது கணக்குல. பன்னெண்டு வயசுல அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க, நியூயார்க்ல டெல்லா ஆன்ட்டின்னு ஒரு சொந்தக்காரம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த அம்மா சுட்டுக் கொடுத்த சாக்லேட் சிப் குக்கீதான் எல்லாத்துக்கும் மூலம். பின்னால லாஸ் ஏஞ்சலஸ் போய் தனியா தொழில் ஆரம்பிச்சப்ப, பாடகர்களையும் சினிமாக்காரங்களையும் பார்க்கப் போறப்பல்லாம் வீட்டுல சுட்ட குக்கீயைப் பையில போட்டு எடுத்துட்டுப் போவார். ஏஜென்ட் வேலை ஓடலை, குக்கீ ஓடுச்சு. மார்வின் கே, ஹெலன் ரெட்டி மாதிரி ஆளுங்க போட்ட 25,000 டாலர்ல 1975 மார்ச்சுல சன்செட் பூலிவார்டுல கடை திறந்தார். குக்கீக்குன்னே தனிக்கடை. முதல் வருஷமே 3 லட்சம் டாலருக்கு வித்தார். 1982-ல வருஷத்துக்கு 1.2 கோடி டாலர் வியாபாரம்.

வளர வளரப் பணம் கேக்கும் தொழில். உள்ள வந்த ஒவ்வொருத்தரும் ஒரு பங்கு பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. 80-கள் நடுவுல நஷ்டக் கணக்கு. 1988-ல ஷான்ஸ்பி குரூப் 30 லட்சம் டாலருக்கு வாங்கினப்ப இவர் கையில சொல்லிக்கிற மாதிரி எதுவும் இல்லை. கொஞ்ச நாள் பழைய கடைக்கு விளம்பர முகமா இருந்துட்டு 1989-ல வெளிய வந்துட்டார். பாப்பாவோட முதல் கேள்விக்கு இதுதான் பதில். கம்பெனியை வித்தப்ப அந்தப் பிராண்டுல இருந்த பேரும் முகமும் சேர்ந்தே போச்சு. 90-கள் ஆரம்பத்துல புதுசா குக்கீ போட்டு தன் பேரை வெச்சார், புது முதலாளிங்க கேஸ் போட்டாங்க. உடனே மனுஷன் கம்பெனிக்கு என்ன பேர் வெச்சார் தெரியுமா? 'அங்கிள் நோநேம்'. பேரில்லாத மாமா! எனக்கு இந்த ஆளைப் பிடிச்சுப் போனதே அங்கதான். வேற யாராவதுன்னா வக்கீல் வீட்டு வாசல்லயே கிடப்பாங்க.

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளும்.

தம்பி, நீங்க பொண்ணுகிட்ட சொன்னது பாதி உண்மை. 1979-ல அவரை 'லிட்டரசி வாலன்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா' அமைப்போட தேசியப் பேச்சாளரா ஆக்கினது அவரோட விளம்பர ஆளுங்க போட்ட யோசனை. குக்கீக்கும் பேர் கிடைக்கும், எழுத்தறிவுக்கும் ஆள் கிடைக்கும். ஒரு பொதுக்காரியத்தோட சேர்த்து சரக்கை விக்கிறதுக்கு இன்னிக்கும் மார்க்கெட்டிங் வகுப்புல உதாரணமா இதைச் சொல்றாங்க.

ஆனா தேதிகளைக் கொஞ்சம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கம்பெனியை விட்டு வெளிய வந்தது 1989. அந்த அமைப்புக்குப் பேச்சாளரா இருந்தது 2002 வரைக்கும். நடுவுல பதிமூணு வருஷம், அதுல முதல் பத்து வருஷம் அந்தக் குக்கீ ஒண்ணு வித்தா ஒரு காசு அவர் பைக்கு வராது. கேஸ் நடக்குது, திவால் ஆகுது, கூட்டத்துக்குப் போறதை மட்டும் நிறுத்தலை.

அந்த அமைப்பைப் பத்தியும் பாப்பா எழுதட்டும். சிரக்யூஸ்ல ரூத் கால்வின்னு ஒரு அம்மா. தன் ஊர்லயே ஆயிரக்கணக்கான பெரியவங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு 1961-ல பேப்பர்ல பார்த்து அதிர்ந்து போய், 1962-ல ஆரம்பிச்சது. அவங்க 107 வயசு வரைக்கும் இருந்தாங்க. வாலி ஆமோஸ் போனது 2024 ஆகஸ்ட் 13. அந்த அம்மா ஆகஸ்ட் 18. அஞ்சே நாள் இடைவெளி. செய்தி பார்த்துட்டு அன்னிக்கு ராத்திரி நான் சமைக்கலை.

ஏன்னா நானும் அந்த வேலை பார்த்தவ. லூயிவில்ல இருக்கேன், கென்டக்கி மாநிலம். 2011-ல பிள்ளைங்க காலேஜுக்குப் போனதும் வீட்டுல சும்மா இருக்கப் பிடிக்காம நூலகத்துல பெரியவங்களுக்கு வாசிக்கச் சொல்லித்தர்ற தொண்டுக்குச் சேர்ந்தேன். எனக்கு வாய்ச்ச முதல் மாணவருக்கு 61 வயசு. கிடங்குல பெட்டி ஏத்துற வேலை. பேர் வேண்டாம்.

வாசிக்கத் தெரியாத பெரியவங்க எவ்வளவு கெட்டிக்காரங்கன்னு பழகினாத்தான் தெரியும். ஓட்டல்ல மெனு கார்டை மூடி வெச்சுட்டு "இவங்க சொன்னதே எனக்கும்"பார். யாராவது படிவம் நீட்டினா "கண்ணாடியை மறந்துட்டேன்"பார். அவர் கண்ணாடியே போடறதில்லை! பைபிள் அத்தியாயம் அத்தியாயமா மனப்பாடம். சர்ச்சுல புத்தகத்தைத் திறந்து வெச்சு, பக்கத்துல இருக்கிறவர் பக்கம் புரட்டறப்ப தானும் புரட்டுவார். கல்யாணம் ஆகி முப்பது வருஷம், மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைங்களுக்குக் கூடத் தெரியாது.

அவர்கிட்ட ஒருநாள் கேட்டேன், "இத்தனை வருஷம் இல்லாம இப்ப எப்படித் தோணுச்சு?" "இப்ப இல்லை, முன்னாடியே ஒருதடவை ஆரம்பிச்சேன், டிவியில"ன்னார். 80-கள் கடைசியில கென்டக்கி கல்வித் தொலைக்காட்சி 'லேர்ன் டு ரீட்'னு பெரியவங்களுக்காக ஒரு தொடர் எடுத்தாங்க. அதுல முன்னால நின்னு நடத்தினது வாலி ஆமோஸ். பிள்ளைங்க தூங்கின பிறகு சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டுப் பார்ப்பாராம். பாதியில விட்டுட்டார், ஷிப்டு மாறிப் போச்சு. ஆனா எனக்கு மறக்க முடியாதது அவர் சொன்ன காரணம்தான். "அந்தாளு என்னை அஞ்சாங்கிளாஸ் பையன் மாதிரி பார்க்கலை. சிரிச்சான். என் நிறத்துல இருந்தான். கோட்டு சூட்டு இல்லை, தொப்பி போட்டிருந்தான்."

ஆமோஸுக்கு வாசிக்கத் தெரியாமலா இருந்துச்சுன்னு யாராவது கேப்பீங்க. அப்படியில்லை. ஆனா அவரும் உயர்நிலைப் பள்ளியை முடிக்காம விமானப் படைக்குப் போய், அங்க இருந்துதான் அதுக்குச் சமமான சான்றிதழ் வாங்கினவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவன் எப்படிக் கூசுவான்னு அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வேலையில பாடம் நடத்துறது கூடச் சுலபம். ஆளை வாசல்படி ஏற வைக்கிறதுதான் கஷ்டம். அதுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணும்.

---

சுடச்சுட:

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல எதுவும் இல்லை, அடுப்பு விஷயம் மட்டும் ஒண்ணு. மெஷின்ல எடுக்கிற பாக்கெட்டை வெச்சு அவரை எடை போடாதீங்க. அது கை மாறி மாறி வந்த சரக்கு. பிரசிடென்ட் பேக்கிங், கீப்ளர், கெலாக்ஸ், 2019-ல இருந்து ஃபெரேரோ. அவர் சுட்டது வெண்ணெய் போட்டு, பீக்கான் கொட்டை போட்டு, கடிச்சா நொறுங்கற குட்டிக் குக்கீ. நான் அந்த மாதிரி முயற்சி பண்ணினப்ப தெரிஞ்சது: மாவைச் சின்னதா வெச்சு, பொன்னிறம் தாண்டி ஓரம் செவக்கற வரைக்கும் விடணும். மெதுமெதுன்னு வேணும்னு சீக்கிரம் எடுத்தா அது வேற குக்கீ.

---

டல்லாஸ் தாத்தா:

கரிசலம்மா, நல்லா எழுதியிருக்கீங்க, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. அவர் மேடையில பேசறதுக்குக் காசு வாங்கினார், தன்னம்பிக்கைப் புத்தகமா எழுதித் தள்ளினார். எழுத்தறிவு மேடை அதுக்கெல்லாம் உதவலைன்னு சொல்ல முடியுமா?

---

கரிசல்காட்டுக்காரி:

சொல்ல முடியாது தாத்தா. உதவியிருக்கும். அந்தாளு கடைசி வரைக்கும் தன்னை விக்கிறதை விடலை. 1999-ல கீப்ளர்காரங்க கூப்பிட்டப்ப, தன்கிட்ட இருந்து போன அதே குக்கீக்கு விளம்பரம் பண்ணப் போனார். மஃபின் வித்தார். எண்பது வயசுல டிவி நிகழ்ச்சிக்குப் போய் முதலீடு கேட்டார், யாரும் போடலை. துறவின்னு நான் சொல்லவே இல்லை.

ஆனா ஹவாயில கைலுவாவுல ஒரு சின்னக் குக்கீ கடை வெச்சிருந்தார், 2000-க்கு அப்புறம். கடைக்குள்ளயே வாசிக்கிற அறை. சனிக்கிழமையானா தர்பூசணி மாதிரி தொப்பி ஒண்ணை மாட்டிக்கிட்டு ஆடுநாற்காலியில உட்கார்ந்து சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை வாசிப்பார். அந்தச் சனிக்கிழமையில எவ்வளவு லாபம் பார்த்திருப்பார்னு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்க. வியாபாரம் உங்களுக்குத்தான் தெரியும்.

---

டல்லாஸ் தாத்தா:

கடைக்குக் கூட்டம் வந்திருக்கும்ல! சரி சரி, தோத்துட்டேன். தர்பூசணித் தொப்பியை யோசிச்சா சிரிப்பு வருது.

---

பாதிவெந்தவன்:

எல்லாருக்கும் நன்றி. மககிட்ட வாசிச்சுக் காட்டினேன். அங்கிள் நோநேமுக்கு விழுந்து விழுந்து சிரிச்சா, ரூத் கால்வின் தேதியைக் குறிச்சுக்கிட்டா. அவ தரப்புல ஒரு கேள்வி, என் தரப்புல ஒண்ணு. அவ கேக்கறா: அந்த 61 வயசுக்காரர் வாசிக்கக் கத்துக்கிட்டாரா? நான் கேக்கறது: என்னை மாதிரி இங்கிலீஷ் பேசறவன் அந்தத் தொண்டுக்குப் போனா சிரிக்க மாட்டாங்களா?

---

கரிசல்காட்டுக்காரி:

சிரிப்பாங்க. நான் 'வெஜிடபிள்'னு சொல்றதைக் கேட்டு அவர் சிரிச்சார், அப்புறம் எனக்கு அவர் சொல்லித்தந்தார். ஒரு மணி நேரத்துல யாராவது ஒருத்தர் மக்கா இருக்கணும்ல, அது எப்பவும் அவராவே இருக்க வேண்டாம். பக்கத்து நூலகத்துல போய்ப் பெரியவங்களுக்கான எழுத்தறிவு வகுப்பு எங்க நடக்குதுன்னு கேளுங்க, அங்க இல்லைன்னாலும் நடக்கிற இடத்தைச் சொல்லிடுவாங்க. பழைய லிட்டரசி வாலன்டியர்ஸ் 2002-ல லாபாக்னு இன்னொரு எழுத்தறிவு அமைப்போட சேர்ந்து இப்ப 'ப்ரோலிட்டரசி'ன்னு இருக்கு, அவங்க பக்கத்துலயும் தேடலாம். முதல்ல பயிற்சி தருவாங்க. பயப்பட ஒண்ணும் இல்லை.

பாப்பாவுக்கு: ஒன்றரை வருஷம் ஆச்சு. ஒரு நாள் வகுப்புக்கு அவர் ஒரு ஃபேமஸ் ஆமோஸ் பாக்கெட் வாங்கிட்டு வந்தார், மேல இருக்கிறதைத் தானே வாசிக்கறேன்னார். 'ஆமோஸ்' டக்குனு வந்துடுச்சு, பைபிள்ல இருக்கிற பேராச்சே. 'ஃபேமஸ்'தான் மக்கர் பண்ணுச்சு. எம், ஓ, யு, எஸ். எலிக்கு எழுதற மாதிரியே இருக்கேன்னு "ஃபே-மவுஸ்"னார். மவுஸ் இல்லை, மஸ்னு சொன்னேன். "அப்ப எதுக்கு இவ்வளவு எழுத்து?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. பாக்கெட்டைப் பிரிச்சு நடுவுல வெச்சுட்டு, பின்பக்கத்துல இருந்த பொடி எழுத்தை வாசிக்க ஆரம்பிச்சார்.