காதற்பேழையா, காதற்செப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். மின்னெகெஸ்ட்சென் (Minnekästchen) என்று ஜெர்மனில் சொல்லப்படும் இடைக்காலச் சிறு பெட்டிக்கு நம் அருங்காட்சியகப் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வரிகளை மேற்கோளாகக் காட்டி, கீழே பதில் தருகிறேன்.

> மின்னெகெஸ்ட்சென் = மணப்பேழை. கல்யாணப் பரிசுதானே, இதற்கு மேல் என்ன?

அப்படி வைத்தால் இத்தாலியின் கஸ்ஸோனே வரும்போது திண்டாடுவோம். 15-ஆம் நூற்றாண்டு ஃபுளோரன்சில் மணப்பெண்ணின் துணிமணிக்கென்று செய்த, ஆள் நீளப் பெட்டி அது. அதற்குச் ‘சீர்ப்பெட்டி’ கச்சிதமாகப் பொருந்தும். நாம் பேசுவது 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை, பெரும்பாலும் மேல் ரைன் ஆற்றுப் பகுதியில் செய்யப்பட்ட சிறிய மரப்பெட்டி. காதலிக்கும் பெண்ணுக்கு ஆண் கொடுத்ததாகக் கருதப்படுவது. கல்யாணம் நடந்ததா என்பது வேறு கதை.

> அப்படியானால் காதற்பேழை.

‘காதல்’ சரி. மின்னெ என்பது இடைக்கால ஜெர்மனில் காதலுக்கான சொல். ‘காமம்’ பழைய பொருளில் இன்னும் நெருக்கம்தான், ஆனால் இன்றைக்கு அதைக் காட்சிப் பலகையில் எழுத முடியாது. ‘பேழை’தான் இடிக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நோவாவின் பேழை நினைவுக்கு வரும், இல்லையென்றால் தலைவர்களின் சந்தனப் பேழை.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1325-50 காலத்தது, ஓக் மரம். நீளம் சுமார் 27 செ.மீ., உயரம் 12 செ.மீ. அதாவது ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஓவியம்: மின்னெ தேவி இளைஞன் மேல் அம்பு எய்கிறாள், இன்னொரு காட்சியில் அவன் மூன்று அம்புகள் தைத்த தன் இதயத்தையே எடுத்து நீட்டுகிறான். (மன்மதன் வேலையை அங்கே ஒரு பெண் பார்க்கிறாள்!) இந்த அளவுக்குப் பேழை பெரிது, சிமிழ் சிறிது. என் ஓட்டு ‘காதற்செப்பு’க்கு. மூடியுள்ள சிறு கலம் என்ற பொருள் செப்புக்கு உண்டு. மரச்செப்பு வைத்து விளையாடாத குழந்தை உண்டா?

> செப்பு என்றால் தாமிரம் என்று நினைக்க மாட்டார்களா? செப்புப் பட்டயம் போல?

நியாயமான சந்தேகம். ஆனால் பட்டயத்தில் ‘செப்பு’ முன்னால் வருகிறது, இங்கே பின்னால். தவிர, ‘ஓக் மரம், டெம்பெரா வண்ணம், இரும்புப் பூண்’ என்று பொருள் விவரம் அடுத்த வரியிலேயே இருக்கும். குழம்ப வாய்ப்பில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. மின்னெகெஸ்ட்சென் என்ற பெயரே பிற்கால ஆய்வாளர்கள் இட்டது. சிங்கமும் இறக்கை முளைத்த விலங்குகளும் மட்டும் செதுக்கிய பெட்டியையும் அந்தப் பெயரில் சேர்த்துவிட்டார்கள். போதாததற்கு, 19-ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களின் மோகத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்து பழசென்று விற்றவையும் கலந்திருக்கின்றன. காதல் காட்சி அமோகமாக இருந்தால் சந்தேகமும் கூடவே வர வேண்டும். ஆகவே காதல் காட்சியோ வாசகமோ இருந்தால் மட்டும் காதற்செப்பு. மற்றதெல்லாம் வெறும் ‘செதுக்குச்செப்பு’. எதற்காகக் கொடுத்தார்கள் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

அப்புறம், பட்டியலில் இத்தாலியின் எம்ப்ரியாக்கி பட்டறைப் பெட்டிகளையும் மரச்செதுக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றில் மரம் உள்கூடு மட்டுமே. செதுக்கு வேலை மேலே பதித்த எலும்புத் தகட்டில். ‘எலும்புச்செப்பு’ என்று தனி வரி போடுங்கள். பூட்டைச் சுற்றியுள்ள இரும்புத் தகட்டுக்குப் ‘பூட்டுத்தகடு’ என்று வைத்திருக்கிறேன். தச்சர்களிடம் வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.